கணிப்பொறியின் அஞ்சறைப் பெட்டி

உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு முறை சென்று பாருங்கள். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அரிசி, ரவை, ஜவ்வரிசி, கசகசா, கடலைப்பருப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். ஆனால் தாளிக்கும் நேரத்தில் யாரும் அந்த அலமாரியைத் திறப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள அஞ்சறைப் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் ஏது?

அஞ்சறைப் பெட்டியில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, அடிக்கடி வேண்டியவை மட்டுமே அதில் இருக்கும். இரண்டாவது, எந்த அறையில் எது என்பதைப் பெட்டி செய்தவர் தீர்மானிப்பதில்லை, சமைப்பவர் தீர்மானிக்கிறார். உங்கள் வீட்டுப் பெட்டியில் வெந்தயம் இருக்கும் அறையில் அடுத்த வீட்டில் சோம்பு இருக்கலாம். மூன்றாவது, பழகிய கை பார்க்காமலே சரியான அறைக்குச் செல்லும். யாராவது விளையாட்டாகக் கடுகையும் மிளகையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைய சமையல் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை!

கணிப்பொறியின் திரையிலும் இப்படி ஓர் அஞ்சறைப் பெட்டி உண்டு. கடிதம் எழுதும் நிரலையோ, கணக்குப் போடும் நிரலையோ திறந்தால் மேல்பக்கத்தில் சிறு சிறு படங்கள் கொண்ட ஒரு பட்டை தெரிகிறதல்லவா? அதுதான் கருவிப்பட்டை. டூல்பார் என்றும் சொல்வார்கள். அதை ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொள்ள வழி செய்வது எப்படி? அந்த நிரலை எழுதுபவர் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

பட்டை பிறந்த கதை

தொடக்க காலக் கணிப்பொறிகளுக்குக் கட்டளைகளை எழுத்தால் தட்டச்சு செய்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டளையின் பெயர் நினைவில் இல்லையென்றால் வேலை நடக்காது. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணிப்பொறி, கோப்புகளையும் அச்சுப்பொறியையும் சிறு படங்களாகத் திரையில் காட்டியது. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் வந்தது. அதனுடன் வந்த மேக்பெயின்ட் என்னும் ஓவிய நிரலை எழுதியவர் பில் அட்கின்சன். அந்த நிரலின் இடப்பக்கத்தில் தூரிகை, பென்சில், அழிப்பான் முதலியவற்றின் படங்கள் வரிசையாக இருந்தன. கருவியின் படத்தைத் தொட்டால் கருவி கைக்கு வந்துவிடும்.

இதே எண்ணம் அலுவலக நிரல்களுக்கும் பரவியது. 1990இல் வெளிவந்த எக்செல் 3.0 நிரலில் ஒரு கருவிப்பட்டை இருந்தது. ஆனால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நிரலை எழுதியவர்களே முடிவு செய்திருந்தார்கள். 1992இல் வந்த எக்செல் 4.0 அந்த உரிமையைப் பயன்படுத்துவோருக்கும் கொடுத்தது. பொத்தான்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், புதிய பட்டையையே உருவாக்கலாம் என்றாயிற்று.

கை செல்லும் தூரம்

பொத்தான் எங்கே இருந்தால் என்ன? எப்படியும் ஒரு நொடியில் தொட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை 1954ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை மேசைமேல் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரு கோலால் அவற்றை மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். தகடுகளுக்கு இடையே உள்ள தொலைவையும், தகடுகளின் அகலத்தையும் மாற்றி மாற்றி வைத்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அவர் கண்டது இதுதான்: தொலைவின் இரு மடங்கை அகலத்தால் வகுத்து வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஐ எத்தனை முறை பெருக்கினால் அந்த எண் வரும் என்று பாருங்கள். அதுவே அந்த வேலையின் கடினம். கடினம் ஒவ்வொரு படி கூடும்போதும் நேரமும் ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் 1 செ.மீ. அகலமுள்ள இரண்டு கட்டங்களை வரையுங்கள். அவற்றின் மையங்களுக்கு இடையே 16 செ.மீ. தொலைவு இருக்கட்டும். பென்சிலின் பின்முனையால் இரண்டையும் மாற்றி மாற்றி, கட்டத்தைத் தாண்டாமல், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக 20 முறை தொடுங்கள். நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கட்டும். இங்கே 2 × 16 ÷ 1 = 32. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 வரும். ஆகவே கடினம் 5.

இப்போது தொலைவை மாற்றாமல் கட்டங்களின் அகலத்தை 2 செ.மீ. ஆக்குங்கள். 2 × 16 ÷ 2 = 16; கடினம் 4. அடுத்து, அகலத்தை மீண்டும் 1 செ.மீ. ஆக்கி, தொலைவை 8 செ.மீ. ஆகக் குறையுங்கள். 2 × 8 ÷ 1 = 16; இதற்கும் கடினம் 4தான். முதல் சோதனையைவிட மற்ற இரண்டும் விரைவாக முடியும். அந்த இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும். அதாவது, கட்டத்தைப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவருவதும் அதன் அகலத்தை இரட்டிப்பாக்குவதும் ஒரே பலனைத் தருகின்றன.

1978இல் ஜெராக்ஸ் ஆய்வாளர்களான கார்டு, இங்கிலிஷ், பர் ஆகியோர் திரையில் மௌஸை நகர்த்துவதற்கும் இந்த விதி பொருந்துகிறது என்று காட்டினர். ஆகவே, ஒரு பொத்தானை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுவருவது அல்லது பெரிதாக்குவது என்பது வெறும் அலங்காரம் அன்று. ஒரு நாளில் நூறு முறை தொடும் பொத்தான் என்றால் மிச்சமாகும் நேரத்தையும், கைக்குக் குறையும் அலுப்பையும் எண்ணிப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே பட்டை போதுமா?

அப்படியானால் எல்லாப் பொத்தான்களையும் பெரிதாக்கி அருகிலேயே வைத்துவிட்டால் என்ன? திரை கொள்ளாது! இதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேர்டு 2003 என்னும் எழுத்து நிரலில் 31 கருவிப்பட்டைகள் இருந்தன. ஆனால் மக்கள் உண்மையில் எவற்றைத் தொட்டார்கள்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விருப்பமுள்ள பயனர்களிடமிருந்து புள்ளிவிவரம் திரட்டியபோது வியப்பான ஒரு செய்தி தெரிந்தது. ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததை மீள், தடித்த எழுத்து ஆகிய ஐந்து கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 32 விழுக்காடு! அவற்றிலும் ஒட்டு என்னும் ஒரு கட்டளைக்கு மட்டும் 11 விழுக்காட்டுக்கு மேல்.

எனில், அந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடலாமா? முடியாது. மீதமுள்ள 68 விழுக்காடு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கணித ஆசிரியருக்குச் சமன்பாடு எழுதும் பொத்தான் நாள்தோறும் வேண்டும். வழக்கறிஞருக்கு அது வேண்டவே வேண்டாம். அவருக்கு அடிக்குறிப்புப் பொத்தான் வேண்டும். கண்பார்வை மங்கியவருக்குப் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கு 'அழி' பொத்தானும் 'சேமி' பொத்தானும் ஒட்டி இருக்கவே கூடாது. திரைக்குப் பின்னால் எங்கோ அமர்ந்து நிரல் எழுதுபவருக்கு இத்தனை பேருடைய தேவையும் எப்படித் தெரியும்? ஆகவே அவர் செய்யக்கூடிய நல்ல செயல் ஒன்றுதான். பெட்டியைச் செய்து கொடுத்து, அறைகளை நிரப்பும் உரிமையைப் பயன்படுத்துவோரிடம் விட்டுவிடுவது!

பொத்தான் வேறு, கட்டளை வேறு

உரிமையைக் கொடுப்பது என்று சொல்வது எளிது. நிரலில் அதை எப்படி எழுதுவது?

புதிதாக நிரல் எழுதக் கற்பவர் வழக்கமாக இப்படிச் செய்வார்: ஒரு பொத்தானை வரைவார்; அந்தப் பொத்தானுக்குள்ளேயே 'என்னைத் தொட்டால் கோப்பைச் சேமி' என்று எழுதிவிடுவார். பிறகு மெனுவிலும் 'சேமி' வேண்டும் என்று நினைவு வரும். அங்கேயும் அதே வரிகளை எழுதுவார். பிறகு கண்ட்ரோல், எஸ் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் சேமிக்க வேண்டும் என்று மூன்றாம் முறை எழுதுவார். இப்போது ஒரே வேலை மூன்று இடங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் திருத்தி மற்ற இடங்களை மறந்தால் ஆபத்து. அதைவிட, பயன்படுத்துபவர் அந்தப் பொத்தானை நீக்கிவிட்டால் அதற்குள் இருந்த வேலையும் போய்விடும்.

கடுகு வேறு, கடுகு இருக்கும் அறை வேறு அல்லவா? அதுபோலக் கட்டளையையும் பொத்தானையும் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அட்டை தயாரிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் இவை இருக்கும்:

அடையாளப் பெயர்: கோப்பு-சேமி
திரையில் காட்டும் பெயர்: சேமி
படம்: வட்டின் படம்
விசைகள்: கண்ட்ரோல், எஸ்
இப்போது செய்ய இயலுமா: ஆம்
செய்ய வேண்டிய வேலை: கோப்பை வட்டில் எழுது

மெனுவில் உள்ள வரியும், பட்டையில் உள்ள பொத்தானும், விசையும் இந்த அட்டையைச் சுட்டிக்காட்டினால் போதும். வேலை ஒரே இடத்தில் இருக்கும். பொத்தானை நீக்கினாலும் அட்டை இருக்கும். நாளை வேறு பட்டையில் மீண்டும் ஒரு பொத்தானை வைத்து அதே அட்டையைச் சுட்டலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எதையும் நகலெடுக்காத நிலையில் 'ஒட்டு' என்னும் பொத்தான் மங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் 'இயலுமா' என்னும் இடத்தில் 'இல்லை' என்று ஒரே ஒரு முறை மாற்றினால், அதைச் சுட்டும் மெனு வரியும் பொத்தானும் ஒன்றாகவே மங்கிவிடும். ஒன்று மங்கி மற்றொன்று பளிச்சென்று நிற்கும் குழப்பம் நேராது.

ஜாவா மொழியின் ஸ்விங் தொகுதியிலும், க்யூட் என்னும் நிரல்தொகுதியிலும் இந்த அட்டைக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் ஆகிய நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்னும் புகழ்பெற்ற நூல் இதற்கு அடிப்படையான முறையைக் 'கமாண்ட்' என்று பெயரிட்டு விளக்குகிறது.

மூன்று பட்டியல்கள்

கட்டளைகளுக்கு அட்டைகள் தயார். இனிப் பட்டையை மாற்றியமைக்க மூன்று பட்டியல்கள் வேண்டும்.

முதலாவது, இயலும் பட்டியல். பட்டையில் வைக்கத் தகுந்த எல்லாக் கட்டளைகளும் இதில் இருக்கும். இது அலமாரி. இரண்டாவது, தொடக்கப் பட்டியல். ஒன்றும் மாற்றாதவருக்கு நிரலாசிரியர் பரிந்துரைக்கும் வரிசை இது. மூன்றாவது, சொந்தப் பட்டியல். பயன்படுத்துபவர் தாமே அமைத்துக்கொண்ட வரிசை இது. இதுதான் அவருடைய அஞ்சறைப் பெட்டி.

2001இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் இயக்கமுறையில் பட்டையை உருவாக்கும் பகுதி, நிரலைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கிறது: அனுமதிக்கப்பட்டவை எவை? தொடக்கத்தில் இருக்க வேண்டியவை எவை? முதல் இரண்டு பட்டியல்களையும் நிரல் கொடுத்துவிட்டால், மூன்றாவதைப் பயன்படுத்துபவரிடம் கேட்டுப் பெறும் பொறுப்பை அந்தப் பகுதியே ஏற்றுக்கொள்கிறது.

விண்டோஸிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. மாற்றத்தக்கது என்று குறிக்கப்பட்ட பட்டையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு பொத்தானை இழுத்து இடம் மாற்றலாம். பட்டைக்கு வெளியே போட்டால் அது நீங்கிவிடும். ஆனால் நீங்குவதற்கு முன் பட்டை தன் நிரலிடம் 'இதை நீக்கலாமா?' என்று ஒரு செய்தி அனுப்பிக் கேட்கும். நிரல் 'ஆம்' என்றால்தான் நீக்கும். கட்டாயம் இருக்க வேண்டிய பொத்தான் என்றால் நிரல் மறுத்துவிடலாம். பயன்படுத்துபவருக்கு உரிமையும், நிரலுக்குப் பொறுப்பும் சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள்.

இழுத்துப் போடும்போது நடப்பது

ஒரு பொத்தானை மௌஸால் இழுத்து வேறிடத்தில் போடுகிறோம். கண்ணுக்கு எளிதாகத் தெரியும் இந்த வேலைக்குள் ஒரு சிறு கணக்கு இருக்கிறது.

ஒவ்வொரு பொத்தானும் 24 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் இடது ஓரத்திலிருந்து 130ஆவது புள்ளியில் பொத்தானைப் போடுகிறீர்கள். 130ஐ 24ஆல் வகுத்தால் 5.4 வரும். அதற்கு மிக அருகில் உள்ள முழு எண் 5. ஆகவே ஐந்தாம் பொத்தானுக்கு அடுத்த இடைவெளியில் அது அமர வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் ஓரிடம் உண்டு. அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. 'ஆ'வை எடுத்து ஈ, உ ஆகிய இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். அது நான்காம் பொத்தானுக்கு அடுத்த இடைவெளி. நிரல் முதலில் 'ஆ'வை எடுத்துவிடுகிறது. இப்போது மிஞ்சுவது அ, இ, ஈ, உ. நான்காம் பொத்தானுக்கு அடுத்து என்றால் 'உ'வுக்கும் பின்னால் அல்லவா போய்விடும்! எடுத்த பொத்தான் போடும் இடத்துக்கு இடப்பக்கம் இருந்திருந்தால், இட எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். 4 - 1 = 3. மூன்றாம் பொத்தானாகிய 'ஈ'க்கு அடுத்து வைத்தால் அ, இ, ஈ, ஆ, உ என்று சரியாக அமையும். வரிசையில் நிற்கும் ஒருவர் வெளியே வந்தால் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னே வருகிறார்கள் அல்லவா? அதே கதைதான்.

பெயரால் நினைவில் வை, எண்ணால் அன்று

அமைத்த பட்டை நாளைக்கும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே நிரல் முடியும்போது சொந்தப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மறுநாள் தொடங்கும்போது படித்துக்கொள்ள வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இயலும் பட்டியலில் 1. புதிது, 2. திற, 3. சேமி, 4. அச்சிடு, 5. வெட்டு என்று ஐந்து கட்டளைகள் உள்ளன. ஒருவர் தம் பட்டையில் சேமி, வெட்டு, அச்சிடு என்று வைத்திருக்கிறார். நிரல் அதைச் சுருக்கமாக 3, 5, 4 என்று எழுதி வைக்கிறது. அடுத்த ஆண்டு நிரலின் புதிய பதிப்பு வருகிறது. அதில் 'திற' என்பதற்குப் பிறகு 'அனுப்பு' என்னும் புதிய கட்டளையைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது 3 என்றால் அனுப்பு, 4 என்றால் சேமி, 5 என்றால் அச்சிடு! அந்த மனிதரின் பட்டை அனுப்பு, அச்சிடு, சேமி என்று மாறிவிடுகிறது. சேமிக்கலாம் என்று பழக்கத்தில் முதல் பொத்தானைத் தொடுகிறார். அரைகுறையாக எழுதிய கடிதம் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடுகு அறையில் மிளகு வந்த கதை!

எண்ணுக்குப் பதில் அடையாளப் பெயரை எழுதி வைத்தால் இந்த விபத்து நேராது. அட்டையில் 'கோப்பு-சேமி' என்று ஓர் அடையாளப் பெயர் வைத்தோமே, அது இதற்காகத்தான். திரையில் காட்டும் பெயர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறலாம், படம் மாறலாம், அடையாளப் பெயர் மட்டும் என்றும் மாறக்கூடாது. க்யூட் நிரல்தொகுதியும் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி அடையாளப் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் பட்டைகளின் இடத்தை அதனால் சரியாக மீட்டுத் தர இயலாது.

கோப்பைப் படிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். கோப்பே இல்லை என்றால் தொடக்கப் பட்டியலைக் காட்ட வேண்டும். கோப்பில் உள்ள ஒரு பெயர் இன்றைய நிரலில் இல்லை என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் காட்ட வேண்டும். கோப்பு பாழாகியிருந்தாலும் நிரல் நின்றுவிடக் கூடாது. பெட்டியில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்பதற்காகச் சமையலையே நிறுத்துவார்களா?

தானே மாறும் பட்டை

'பயன்படுத்துபவருக்கு ஏன் இந்தத் தொல்லை? எது அடிக்கடி வேண்டும் என்று கணிப்பொறியே கவனித்துப் பட்டையை மாற்றிக்கொள்ளலாமே' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நல்ல எண்ணம்தான். அதைச் செய்தும் பார்த்தார்கள்.

ஆபீஸ் 2000 என்னும் நிரல்தொகுப்பில், அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானே மறைத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்தால் அல்லது கீழே உள்ள குறியைத் தொட்டால் முழு மெனுவும் விரியும். விளைவு என்ன? நேற்று மூன்றாவது வரியில் இருந்தது இன்று ஐந்தாவது வரியில் இருந்தது. கையின் பழக்கம் வீணாயிற்று. எப்போதோ ஒரு முறை வேண்டிய கட்டளையைத் தேடினால் அது கண்ணிலேயே படவில்லை. அது நிரலில் இல்லவே இல்லை என்று நினைத்தவர்களும் உண்டு. 2007இல் வேர்டு, எக்செல் முதலிய நிரல்களில் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்னும் அகலப் பட்டை வந்தபோது, இந்தத் தானே மறையும் முறை கைவிடப்பட்டது.

ஆனால் அந்த ரிப்பனும் முதலில் மறுகோடிக்குச் சென்றது. ஒரு சிறு விரைவுப் பட்டையைத் தவிர மற்றவற்றைப் பயன்படுத்துபவர் அதன் திரையிலிருந்து மாற்ற இயலவில்லை. 2010இல் வந்த பதிப்பில்தான் தமக்கெனத் தனிப் பிரிவுகளை அமைத்துக்கொள்ளும் வசதி கிடைத்தது. இந்த இரு அனுபவங்களிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றே: பட்டை மாறலாம், ஆனால் அதை மாற்றுகிறவர் அதைப் பயன்படுத்துபவராக இருக்க வேண்டும்.

தவறினால் திரும்ப வழி

உரிமை கொடுத்தால் தவறும் நேரும். மௌஸ் சற்று நழுவியதில் பட்டை முழுவதும் திரையின் வேறு மூலைக்குப் போய்விட்டது, பொத்தான்கள் காணாமல் போய்விட்டன என்று கலங்கியவர்கள் பலர். அவர்கள் கெடுத்துவிட்டோம் என்று அஞ்சி, அதன் பிறகு எதையும் தொடவே தயங்குவார்கள். ஒருவரைக் கணிப்பொறியிலிருந்து விரட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆகவே நல்ல நிரலில் மூன்று பாதுகாப்புகள் இருக்கும். ஒன்று, தற்செயலாக மாறாதபடி ஒரு பூட்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தினால்தான் இழுக்கலாம் என்னும் ஏற்பாடு அப்படிப்பட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் திரையின் கீழ்ப்பட்டையைப் பூட்டி வைக்கும் வசதி வந்தது. இரண்டு, 'தொடக்க நிலைக்குத் திரும்பு' என்னும் ஒரு வழி. தொடக்கப் பட்டியலை நிரல் எப்போதும் தன்னிடம் வைத்திருப்பதால் இது மிக எளிது. சொந்தப் பட்டியலை அழித்தால் போதும். மூன்று, பட்டையிலிருந்து எதை நீக்கினாலும் அது மெனுவில் இருந்தே தீர வேண்டும். அஞ்சறைப் பெட்டி கவிழ்ந்தாலும் அலமாரியில் கடுகு இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மௌஸைப் பிடிக்க இயலாதவர்களும், திரையைப் பார்க்க இயலாமல் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டு வேலை செய்பவர்களும் கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களால் பொத்தானை இழுத்துப் போட முடியாது. ஆகவே 'சேர்', 'நீக்கு', 'மேலே நகர்த்து', 'கீழே நகர்த்து' என்று விசைப்பலகையாலேயே இயக்கக்கூடிய ஒரு பெட்டியையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் படம் மட்டுமன்றி எழுத்தில் ஒரு பெயரும் இருக்க வேண்டும். படம் எல்லாருக்கும் புரியும் என்று நினைக்கக் கூடாது. 'சேமி' பொத்தானில் உள்ள படம் எதைக் குறிக்கிறது? அது ஒரு ஃபிளாப்பி வட்டு. சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. உங்களில் பலர் அந்த வட்டைக் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டீர்கள்!

செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியிலோ வீட்டிலோ லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச நிரல்தொகுப்பு இருந்தால் அதன் எழுத்து நிரலைத் திறந்துகொள்ளுங்கள். அதன் மெனுக்களைத் தமிழிலேயே அமைத்துக்கொள்ளவும் முடியும். ஒரு தாளில் இரண்டு பத்திகளை வரைந்து, ஒரு பக்கக் கட்டுரையை நீங்கள் தட்டச்சு செய்யும்போது எந்தெந்தக் கட்டளையை எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று நண்பரைக் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு இடம் மாறி, நண்பர் செய்வதை நீங்கள் குறியுங்கள். இருவருடைய தாளிலும் முதல் எட்டு இடங்களைப் பெற்ற கட்டளைகளை ஒப்பிடுங்கள். எத்தனை ஒன்றாக இருக்கின்றன? எத்தனை வேறுபடுகின்றன?

அடுத்து, கருவிகள் மெனுவில் உள்ள 'தனிப்பயனாக்கு' என்னும் பகுதிக்குச் சென்று, உங்கள் எட்டுக் கட்டளைகளை மட்டும் பட்டையில் வையுங்கள். இரண்டு வாரம் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். எந்த நாளில் உங்கள் கை பார்க்காமலே பொத்தானுக்குச் செல்லத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் பயன்படுத்தும் கணிப்பொறியாக இருந்தால், முடித்ததும் தொடக்க நிலைக்குத் திருப்பி வைக்க மறவாதீர்கள். அடுத்தவர் பெட்டியில் கடுகை இடம் மாற்றுவது நல்ல பழக்கம் அன்று!

நாளை உங்களில் ஒருவர் நிரல் எழுதக்கூடும். அப்போது உங்கள் நிரலைப் பயன்படுத்தப் போகிறவர் முகம் உங்களுக்குத் தெரியாது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவரா, பார்வை மங்கியவரா, உங்களுக்குத் தோன்றாத ஏதோ ஒரு வேலையைச் செய்பவரா என்பதும் தெரியாது. அவருக்காக எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்து வைக்க முயல வேண்டாம். உறுதியான பெட்டியைச் செய்யுங்கள். அறைகளை நிரப்பும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். கவிழ்ந்தால் நிமிர்த்த ஒரு வழியையும் மறக்காமல் வைத்துக் கொடுங்கள்.